எவரெஸ்டிலிருந்து நெய்யூர் வந்த வைத்தியர்

நம் ரெட்டிபாளையத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் சமவெளிதான். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் உண்டே தவிர, ஏறி நின்று ஊரைப் பார்க்க ஒரு நல்ல குன்றில்லை. மலை வேண்டுமென்றால் பெரம்பலூரைத் தாண்டிப் பச்சைமலைக்குத்தான் போகவேண்டும். ஆயினும் நம் சுண்ணாம்புக்கல்லுக்கும் உலகத்திலேயே உயரமான சிகரத்துக்கும் ஓர் உறவு உண்டு. அரியலூர்ப் பகுதிக் கல்லில் கடற்சிப்பிகள் பதிந்திருப்பதை நாம் அறிவோம். 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்டின் உச்சிப் பாறையும் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லே. நம்முடையதைக் காட்டிலும் பல கோடி ஆண்டுகள் மூத்தது. அந்த உச்சிக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி கீழே வரை சென்று, மூச்சுக்குத் தவித்துத் திரும்பிய ஒருவர், பிறகு தம் வாழ்நாளின் நல்ல பகுதியைத் தமிழ் பேசும் ஓர் ஊரில் வைத்தியராகக் கழித்தார். அவர்தாம் டாக்டர் தியோடர் ஹோவர்டு சாமர்வெல். ஊர் நெய்யூர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

1890 ஏப்ரல் 16ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கெண்டல் நகரில் சாமர்வெல் பிறந்தார். அவர் குடும்பத்தாருக்குக் காலணி செய்யும் தொழில். வசதிக்குக் குறைவில்லை. வீட்டுக்கு அருகிலேயே ஏரிகளும் குன்றுகளும் இருந்ததால் சிறுவயதிலேயே மலையேற்றத்தில் ஆசை பிறந்தது. சித்திரம் தீட்டுவதிலும் இசையிலும் நாட்டம் உண்டு. கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்து முதல் வகுப்பில் தேறினார். பின் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் வைத்தியப் பயிற்சி பெற்றார். படிப்பு முடிந்ததும் முதல் உலகப்போர் காத்திருந்தது.

1915 முதல் 1918 வரை பிரான்சின் போர்முனையில் இராணுவ அறுவை மருத்துவராக அவர் பணியாற்றினார். 1916 ஜூலையில் சோம் நதிக்கரைப் போர் தொடங்கியபோது, காயமுற்றோர் அலையலையாக வந்து சேர்ந்தனர். கூடாரத்துக்குள் சில மருத்துவர்கள். வெளியே பல ஏக்கர் பரப்பில் தூக்குக் கட்டில்களில் கிடந்த இளைஞர்கள். யாரை முதலில் மேசைக்குக் கொண்டுவருவது, யாரை விட்டுவிடுவது என்று நொடிப்பொழுதில் முடிவு செய்யவேண்டும். விட்டுவிட்டவர் இறந்துபோவார். ஓய்வு கிடைத்த சிறு நேரங்களில் அவர் வெளியே சென்று அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். தன்னை முதலில் கவனிக்கும்படி அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை என்பது அவர் மனத்தில் பதிந்துவிட்டது. போர் என்பதையே அவர் அதன்பின் வெறுத்தார். இவருடைய வாழ்க்கையை எழுதுவோர் பலர் நேரே எவரெஸ்டுக்குத் தாவிவிடுகிறார்கள். நம் எண்ணத்தில், பிற்பாடு அவர் செய்தவை எல்லாவற்றுக்கும் விதை அந்தக் கூடாரத்தின் வாசலில்தான் விழுந்தது.

1922ஆம் ஆண்டு எவரெஸ்டின் உச்சியை எட்டவேண்டும் என்ற நோக்கத்தோடு முதன்முதலாக ஒரு குழு புறப்பட்டது. அதில் சாமர்வெல்லும் ஒருவர். அக்காலத்தில் நேபாளத்தின் வழி அடைபட்டிருந்தது. ஆகவே டார்ஜிலிங்கிலிருந்து திபெத் வழியாகச் சுற்றிக்கொண்டு வாரக்கணக்கில் நடந்தனர். மே 21ஆம் நாள் சாமர்வெல், மல்லோரி, நார்ட்டன் ஆகிய மூவரும் பிராணவாயுக் குப்பி ஏதுமின்றி 26,985 அடி உயரத்தை அடைந்தனர். மனிதர் யாரும் அதுவரை அவ்வளவு உயரம் ஏறியதில்லை. உடன்வந்த மோர்ஷெட் என்பவர் குளிரால் நலிந்து இடையிலேயே கூடாரத்தில் தங்கிவிட்டார். இறங்கும்போது அவரையும் ஒரே கயிற்றில் கட்டி அழைத்துவந்தனர். வழியில் ஒருவர் கால் வழுக்க, கயிற்றில் பிணைந்திருந்த மூவர் சரிந்தனர். முன்னே நின்ற மல்லோரி தம் பனிக்கோடரியைப் பனியில் ஊன்றிக் கயிற்றை அதில் சுற்றிப் பிடித்ததால் நால்வரும் பிழைத்தார்கள். நள்ளிரவு நெருங்கக் கூடாரத்தை அடைந்தால், பனியை உருக்க ஒரு பாத்திரம்கூட இல்லை! பனியையும் ஜாமையும் டின்பாலையும் குழைத்துத் தின்று அந்த இரவைக் கழித்தார்கள். சுற்றிலும் பனி மலை. குடிக்க ஒரு வாய் நீரில்லை. மோர்ஷெட்டின் விரல் நுனிகள் சில குளிரில் உறைந்து பின்னர் இழக்க நேர்ந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, புதுப்பனி கொட்டியிருந்தது. ஆயினும் இன்னொரு முறை முயலலாம் என்று ஜூன் 7ஆம் நாள் மல்லோரியும் சாமர்வெல்லும் கிராஃபோர்டும் சுமைதூக்கும் தொழிலாளர் 14 பேரோடு ஏறினர். திடீரென்று சரிவு முழுவதுமே நழுவியது. முன்னே சென்ற சாமர்வெல் தப்பினார். பின்னே வந்த ஒன்பது தொழிலாளர் பனிச்சுவரின் விளிம்பைத் தாண்டி வீசப்பட்டனர். இருவரைத்தான் உயிரோடு தோண்டி எடுக்க முடிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். இறந்த எழுவரும் மலைவாழ் தொழிலாளர். வெள்ளையர் ஒருவர்கூட இல்லை. தம் இனத்தார் ஒருவரேனும் அவர்களோடு மடிந்திருந்தால், ஆபத்தைச் சேர்ந்தே சுமந்தோம் என்றாவது அந்த மக்களுக்குத் தெரிந்திருக்குமே என்று சாமர்வெல் நெஞ்சுருகிப் பின்னாளில் எழுதினார். 1924இல் பிரான்சின் ஷாமொனி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 1922ஆம் ஆண்டுக் குழுவுக்குப் பதக்கம் கிடைத்தது. சுமைதூக்கி இறந்தோருக்கும் அது வழங்கப்பட்டது. உயிருக்குப் பதக்கம் ஈடாகுமா என்ன?

மலையைவிட்டு இறங்கிய சாமர்வெல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். அக்காலத்தில் நெய்யூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. லண்டன் மிஷன் சங்கத்தார் 1838இல் அங்கு ஆரம்பித்த வைத்தியப்பணி வளர்ந்து பெரிய மருத்துவமனை ஆகியிருந்தது. அங்கே டாக்டர் பியூ என்ற ஒரே அறுவை மருத்துவர் இரவும் பகலும் உழைத்துக்கொண்டிருந்தார். வாசலிலும் திண்ணையிலும் நோயாளிகள் காத்துக்கிடந்தனர். சோம் நதிக்கரையில் கண்ட அதே காட்சி; ஆனால் இங்கே போர் ஏதும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர் கத்தியைக் கையிலெடுத்துச் சில நாட்கள் உதவினார். இங்கிலாந்து திரும்பியதும், லண்டனில் தமக்குக் காத்திருந்த மருத்துவமனை வாழ்வை வேண்டாமென்று விட்டு, 1923இல் நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். நண்பர்கள் வியந்தார்கள். வயது முப்பத்துமூன்று.

அடுத்த ஆண்டே எவரெஸ்ட் மறுபடி அழைத்தது. தென்கோடி வெயிலிலிருந்து விடுப்புப் பெற்றுப் பனிக்குச் சென்றார். குழுத் தலைவர் மலேரியாக் காய்ச்சலால் பின்தங்கவே, நார்ட்டன் தலைமை ஏற்றார்.

மே மாத இறுதியில் புயலும் பனியும் அடித்தன. சுமார் 23,000 அடி உயரத்திலிருந்த நான்காம் முகாமில் தொழிலாளர் நால்வர் மாட்டிக்கொண்டனர். சரிவில் புதுப்பனி; இறங்க அவர்களுக்குத் துணிவு வரவில்லை. அவர்களில் ஒருவர் கை குளிரில் உறைந்துபோயிருந்தது. கீழே இருந்த நார்ட்டன், மல்லோரி, சாமர்வெல் மூவரும் குழுவிலேயே வல்லவர்கள். உச்சிக்கு ஏறவேண்டியவர்களும் அவர்களே. மூவருக்கும் உடல்நிலை சரியில்லை. சாமர்வெல்லுக்கும் மல்லோரிக்கும் இருமல் நெஞ்சைப் பிளந்தது. மேலே போனால் எஞ்சிய தெம்பும் போய்விடும், உச்சி கைநழுவலாம். போகாவிட்டால் நால்வர் சாவார்கள். மே 24 காலை மூவரும் புறப்பட்டுவிட்டார்கள். 1922இன் எழுவர் அவர்கள் நினைவில் இல்லாமல் இருந்திருக்க முடியாது.

மாலையில் அந்தச் சரிவை அடைந்தனர். இடுப்பில் 200 அடிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு சாமர்வெல் குறுக்கே நடந்தார்; நண்பர்கள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டனர். நால்வரையும் எட்டுவதற்குச் சுமார் பத்து கஜம் இருக்கையில் கயிறு தீர்ந்துவிட்டது. நேரமோ போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொருவராக நடந்து வரும்படி அவர் அழைத்தார். இருவர் வந்து சேர்ந்தனர். மற்ற இருவர் சேர்ந்து புறப்பட, பனி பெயர்ந்து இருவரும் சரிந்தார்கள்! பள்ளத்தின் விளிம்புக்குச் சில அடி முன்னே பனி அவர்களைத் தாங்கி நிறுத்தியது. அசையாமல் உட்காரும்படி சாமர்வெல் கூவினார். அச்சத்தில் அவர்கள் உதறிவிடக்கூடாதே என்று வேடிக்கையாகவும் ஏதோ பேசினாராம்; அந்த நிலையிலும் அவர்கள் சிரித்தார்கள். பிறகு தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியை ஆழ ஊன்றிக் கயிற்றை அதைச் சுற்றி விட்டு, கயிற்றின் நுனியை ஒரு கையால் பற்றியபடி கீழே நகர்ந்து, மறுகையால் ஒவ்வொருவரையும் பிடரிச் சட்டையைப் பற்றி இழுத்துக்கொண்டு வந்தார். இரவில் அனைவரும் கீழ்முகாம் சேர்ந்தபோது, சூடான சூப்போடு தோழர்கள் இருளில் எதிர்கொண்டு வந்திருந்தனர்.

ஆபத்துவேளையில் நடந்துகொள்வது எப்படி என்று யாரேனும் நம்மைக் கேட்டால், இந்த ஒரு மாலைப்பொழுதைச் சொல்லலாம். ஓடிப்போய்த் தாமும் விழவில்லை. முதலில் தம்மைக் கயிற்றால் காத்துக்கொண்டார். அடுத்து, அஞ்சியவர்களை அமைதிப்படுத்தினார். கயிறு போதாதபோது மட்டுமே, வேறு வழியில்லாமல், துணிந்து இடுப்பை அவிழ்த்தார்.

அந்த நாளின் விலையை அவருடைய தொண்டை கொடுத்தது. மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். 28,000 அடியில் நாம் இங்கே சுவாசிக்கும் பிராணவாயுவில் மூன்றில் ஒரு பங்கே கிடைக்கும். ஓர் அடி எடுத்துவைக்கப் பலமுறை வாயால் மூச்சு வாங்கவேண்டும். உலர்ந்த கடுங்குளிர்க் காற்று ஓயாமல் உராய்ந்து அவருடைய குரல்வளையின் உட்தோல் உறைந்து செத்துப்போயிற்று. ஜூன் 4ஆம் நாள் நார்ட்டனோடு அவர் உச்சியை நோக்கிப் புறப்பட்டார். நண்பகலுக்கு மேல் சுமார் 28,000 அடியில் மூச்சுவிட முடியாத நிலை. தாம் ஒரு பாறையருகே உட்கார்ந்துகொண்டு, நார்ட்டனை மேலே போகச் சொன்னார். நார்ட்டன் 28,126 அடி வரை சென்று திரும்பினார். பிராணவாயுக் குப்பி இல்லாமல் அவ்வளவு உயரத்தை வேறொருவர் எட்ட 1978 வரை ஆயிற்று.

இருவரும் இறங்கத் தொடங்கினர். பொழுது சாய்ந்தது. சுமார் 25,000 அடியில் கயிற்றை அவிழ்த்துவிட்டு நார்ட்டன் முன்னே போய்க்கொண்டிருந்தார். பின்னே வந்த சாமர்வெல் இருமினார். தொண்டைக்குள் ஏதோ பெயர்ந்து வந்து அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கூப்பிடக் குரலில்லை. நார்ட்டன் ஒருமுறை அவர் பின்தங்கியதைக் கவனித்தார். ஆனால் நண்பர் சித்திரக்காரர் அல்லவா? மாலை வெளிச்சத்தில் மலையை வரைய நின்றிருப்பார் என்று எண்ணி நடந்துவிட்டார். அவர்மீது குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மூச்சு அடைத்தவர் கத்தமாட்டார். அதுதான் அந்த ஆபத்தின் கொடூரம். பத்தடி தூரத்தில் இருப்பவருக்கும் தெரியாமல் முடிந்துவிடும்.

சாமர்வெல் பனியில் உட்கார்ந்தார். சாவு வந்துவிட்டது என்றே நினைத்தார். ஆயினும் கடைசியாக ஒன்று செய்து பார்த்தார். இரு கைகளையும் மார்பில் வைத்து, இருந்த பலமெல்லாம் கூட்டி ஒரே அழுத்தாக அழுத்தினார். அடைப்பு பெயர்ந்து வாய்வழியே வந்து விழுந்தது. கொஞ்சம் இரத்தமும் வந்தது. வெளிவந்தது குரல்வளையின் செத்த உட்தோல். வலி உயிர்போயிற்று, ஆனால் பல நாட்களாக இல்லாத தாராளமான மூச்சு வந்தது. எழுந்து நடந்து நார்ட்டனைப் பிடித்துவிட்டார்! இரவு ஒன்பதரை மணியளவில் முகாமை அடைந்தார்கள். அன்றிரவே நார்ட்டனுக்குப் பனி வெளிச்சத்தால் கண் தெரியாமல் போயிற்று. சில நாட்களில் சரியாயிற்று.

அவர் செய்ததன் சூட்சுமம் எளிதுதான். கொல்லன் பட்டறைத் துருத்தியின் மூக்கில் கரி அடைத்துக்கொண்டால், துருத்தியை ஓங்கி அழுத்த, உள்ளிருக்கும் காற்றே கரியை வெளியே தள்ளிவிடும். நுரையீரல் நம்முடைய துருத்தி. அரை நூற்றாண்டு கழித்து 1974இல் அமெரிக்க மருத்துவர் ஹெய்ம்லிக் என்பவர் வயிற்றை அழுத்தி அடைப்பை வெளியேற்றும் முறையை உலகுக்கு அறிவித்தார்.

நம் வீடுகளில் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவார்கள். நினைக்கிறவர் நினைக்கட்டும், தலையில் தட்டுவதால் பயன் இல்லை. இருமவும் பேசவும் முடிகிறவரை இருமவிடுவதே சரி. பேச்சு நின்று, கைகள் தொண்டையைப் பற்றினால்தான் ஆபத்து. அப்போது முன்னே குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டவேண்டும். போகாவிட்டால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்தவேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அழுத்தலாகாது, மார்பில்தான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கைமேல் குப்புறத் தாழ்த்திப் பிடித்து முதுகில் தட்டவும், பிறகு திருப்பி இரு விரலால் மார்பை அழுத்தவும் வேண்டும். தண்ணீர் ஊற்றுவதும், கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவுவதும் கேடு. இன்னொருவர் 108க்குச் சொல்லட்டும். ஒருவரும் இல்லாத இடத்தில் சாமர்வெல் செய்தது போல நம் கையே துணை. நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் வயிற்றை ஊன்றி அழுத்துவதும் உண்டு.

பச்சைமலைக்குச் சுற்றுலாப் போகும் நமக்குப் பனிச்சரிவு வராது. வெயிலும் தாகமும் வரும், கால் பிசகும். அங்கேயும் கடைசியாக நடப்பவள் கண்ணில் படாவிட்டால் நின்று திரும்பிப் பார்க்கவேண்டும். அவள் பூப்பறிக்கிறாள் என்று நாமே முடிவு கட்டிக்கொள்ளலாகாது.

சாமர்வெல்லுக்கு மூச்சு திரும்பிய நான்காம் நாள், ஜூன் 8ஆம் தேதி, மல்லோரியும் இளைஞர் இர்வினும் உச்சியை நோக்கிச் சென்று மறைந்தனர். போகும்போது மல்லோரி கொண்டுசென்ற சிறிய கோடாக் காமிரா சாமர்வெல் கொடுத்ததே. மல்லோரியின் உடல் 1999இல் கிடைத்தது; காமிரா அதனோடு இல்லை.

அதன்பின் சாமர்வெல் எவரெஸ்டுக்குப் போகவில்லை. 1925இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சன் என்னும் மங்கையை மணந்தார். மூன்று ஆண்மக்கள் பிறந்தனர். நெய்யூரில் அவருடைய கத்திக்கு ஓய்வில்லை. தெற்குத் திருவிதாங்கூரில் வயிற்றுப் புண்ணால் துடித்தோர் ஏராளம். அந்நோய்க்கு மிளகாயையும் மரவள்ளியையும் குறை சொன்ன காலம் அது. ஒரு கிருமியே பெரும்பாலும் காரணம் என்பது 1980களில்தான் தெரியவந்தது. மருந்து இல்லாத அந்நாளில் அறுவையே வழி. அக்கலையில் அவர் பெயர் பெற்று, 1948இல் இரைப்பை அறுவை மருத்துவம் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மென்று வாயில் புற்றுநோய் வந்தவர்களும் நெய்யூருக்கு மிகுதியாக வந்தனர்.

1949 முதல் 1961 வரை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளி வளர்ந்த கல்லூரி அது. ஆகவே சாமர்வெல்லிடம் கத்தி பிடிக்கப் பழகியவர்களில் நம் நாட்டுப் பெண்களும் இருந்தார்கள். இங்கிலாந்து திரும்பியபின் 1962 முதல் 1965 வரை லண்டன் ஆல்ப்பைன் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1975 ஜனவரி 23ஆம் நாள், தாம் சிறுவயதில் ஏறிப்பழகிய ஏரி நாட்டிலுள்ள ஆம்பிள்சைடு என்னும் ஊரில் காலமானார். திருவனந்தபுரம் மாவட்டம் காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நெய்யூர் மருத்துவமனையில் இன்றும் நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.